ஒன்பது பெட்டி கொலு பொம்மைகள்: கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியா மாநில சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

2024 செப்டம்பர் 10ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில், சாமான்களைப் போட்டு வைக்க அறைகளை வாடகைக்கு விடும் ஒரு ஸ்டோரேஜ் நிறுவனம், நான் வாடகைக்கு எடுத்திருந்த பத்துக்குப் பத்து அடி யூனிட்டில் இருந்த அத்தனை சாமான்களையும் இணைய ஏலத்தில் 480 டாலருக்கு விற்றது. அன்று நான் சென்னையில் இருந்தேன். விற்கப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது, விற்றுவிட்டார்கள் என்பதும் தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து ஊர் திரும்பி, ஜெட்லாக் தீர்வதற்குள் அங்கே போய் கேட்டில் எண்ணை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. அலுவலகத்தில் இருந்த மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அப்புறம் ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் எல்லாத் தாள்களும் வரிசையாக இருந்தன. எல்லாமே உங்கள் சட்டப்படி நடந்திருந்தது.

அதனால்தான் இந்தக் கடிதத்தை அந்த நிறுவனத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவத்தை எங்கள் தொகுதி அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இதைத் தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இதே மாதிரி ஸ்டோரேஜில் சாமான்களைப் போட்டுவிட்டு ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ இருக்கின்றன. அவர்களும் படிக்க வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதக் கடைசியில் எங்கள் அபார்ட்மென்ட் ஒப்பந்தம் முடிந்தது. ஜூனில் மூன்று வாரம் இந்தியாவுக்குப் போய், கணவருக்கு ஹெச்1பி வேலை விசா ஸ்டாம்பிங் முடித்துக்கொண்டு, திரும்பி வந்து வேறு வீடு பார்ப்பதாகத் திட்டம். இடையில் காலி வீட்டுக்கு எதற்கு வாடகை என்று சாமான்களை ஸ்டோரேஜில் போட்டோம். மாதம் 214 டாலர். கிரெடிட் கார்டில் ஆட்டோபே. ஒப்பந்தம் முழுக்க ஒரு டேப்லெட்டில். கையெழுத்துப் போட்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கணவர் கையில் 221(ஜி) சீட்டைக் கொடுத்தார்கள். கூடுதல் சரிபார்ப்பு, முடிந்ததும் சொல்வோம் என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை. மூன்று வாரம் மூன்று மாதமானது. மகளுக்குப் பள்ளி தொடங்கியதே அங்கிருந்துதான், கணினி வழியாக. இதற்கு நடுவில், ஜூன் கடைசியில், யாரோ என் கார்டு எண்ணைத் திருடிப் பயன்படுத்தப் பார்க்க, வங்கி அந்தக் கார்டை முடக்கிவிட்டுப் புதியதை எங்கள் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டது. மின்சாரம், செல்போன், காப்பீடு என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் வேறு கார்டுக்கு மாற்றினேன். ஸ்டோரேஜ் நினைவுக்கு வரவில்லை. ஜூலை முதல் தேதி வாடகை போகவில்லை.

இதில் என் தவறு உண்டு, மறைக்கவில்லை. ஒப்பந்தத்தில் இன்னொருவர் பெயரையும் முகவரியையும் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. சட்டம் கேட்கச் சொல்லியிருக்கிற கட்டம்தான் அது. நான் அதை நிரப்பாமல் தாண்டிவிட்டேன். மில்பிடாஸில் இருக்கும் தோழியின் முகவரியைப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. அமெரிக்க எண்ணை அணைத்துவிட்டு இந்திய சிம்மைப் போட்டிருந்தேன். கோப்பின்படி என் எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அதே நிறுவனத்திடமிருந்து சென்னையில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஜூலை 18ஆம் தேதி ஒன்று: நண்பரைச் சேர்த்துவிட்டால் 50 டாலர் தள்ளுபடி. ஆகஸ்ட் 9ஆம் தேதி இன்னொன்று: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இரண்டையும் திறந்து பார்த்தேன், திறந்ததற்கான பதிவு அவர்களிடமே இருக்கும். ஆகஸ்ட் 9ஆம் தேதி என் சாமான்கள் ஏலத்துக்கான படிகளில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தன. அந்தச் செய்தியில் ஒரு வரி, வாடகை பாக்கி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால், பெசன்ட் நகரில் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடத்தில் கட்டியிருப்பேன். மேலாளரிடம் கேட்டேன். அறிவிப்புகளை மின்னஞ்சலில் பெறச் சம்மதம் என்ற இடத்தில் நான் கையெழுத்திடவில்லையாம். விளம்பரத்துக்கு அந்தச் சம்மதம் தேவைப்படவில்லை.

சட்டப்படியான அறிவிப்புகள் தபாலில் போயின, நாங்கள் காலி செய்துவிட்ட அபார்ட்மென்டுக்கு. அந்த வீட்டில் அப்போது வேறொரு குடும்பம் குடியிருந்தது.

இப்போது உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். வணிக மற்றும் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 21700 முதல் தொடங்கும் பிரிவுகளை இந்த ஒரு வருடத்தில் பலமுறை படித்துவிட்டேன். வாடகை 14 நாள் பாக்கியானால் நிறுவனம் முதல் அறிவிப்பை அனுப்பலாம். அது அனுப்பி 14 நாளில் கட்டாவிட்டால் சாமான்கள் மீது பற்றுரிமை, அதாவது பாக்கிக்காக அவற்றைப் பிடித்துவைத்து விற்கும் உரிமை, வந்துவிடும், யூனிட்டுக்குள் நம்மை விடாமல் தடுக்கலாம். அடுத்து ஏல அறிவிப்பு, அதற்கு இன்னொரு 14 நாள். பிறகு செய்தித்தாள் விளம்பரம், ஏலம். எல்லாம் சேர்த்து இரண்டு மாதம், கொஞ்சம் முன்னே பின்னே. இதில் எந்த இடத்திலும் நீதிபதி கிடையாது. அதிகாரி கிடையாது. மூன்றாவது மனிதர் ஒருவர்கூடக் கிடையாது.

அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். இல்லையென்றால் சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டு, அஞ்சலகத்தில் சேர்த்ததற்கு ஒரு சான்று வாங்கிக்கொண்டால் போதும். அந்தச் சான்றைத்தான் மேலாளர் எனக்குக் காட்டினார். உள்ளங்கை அகலச் சீட்டு, அதில் முத்திரை, தேதி, என் பெயர், நான் இல்லாத வீட்டின் எண். எங்கள் ஊரில் பதிவுத் தபாலோடு ஒப்புதல் அட்டை ஒன்றை இணைத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. வாங்கியவர் கையெழுத்திட்டு அது அனுப்பியவரிடம் திரும்பி வந்தால், தபால் சேர்ந்ததற்கு அதுவே சான்று. உங்கள் சட்டம் அனுப்பினாயா என்று மட்டும் கேட்கிறது. சேர்ந்ததா என்று கேட்கவே இல்லை.

இந்தச் சட்டத்தில் வாடகைதாரருக்கு உள்ள பெரிய பாதுகாப்பு, ஏலத்தை எதிர்த்து ஓர் உறுதிமொழி கொடுக்கலாம் என்பது. அதைக் கொடுத்துவிட்டால் நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். நல்ல ஏற்பாடு, எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த வெற்றுப் படிவம் வருவதே அந்த ஏல அறிவிப்போடுதான். உறை கையில் கிடைக்காதவருக்கு அந்த உரிமையும் கிடைக்காது. உரிமை யாருக்கு மிக அவசரமாகத் தேவையோ, அதாவது தகவலே சேராத ஆளுக்கு, அவருக்கு அது இல்லாமல் போகிறது.

விற்ற பிறகு? சட்டம் சொன்ன நடைமுறையை நிறுவனம் சரியாகப் பின்பற்றாமல் விற்றிருந்தால்கூட, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அந்தப் பொருள்கள் முழுச் சொந்தம், பழைய சொந்தக்காரர் உரிமை கோர முடியாது என்று உங்கள் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. வாங்கியவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏலம் விழுந்த அந்த நிமிடத்தோடு என் பொருள் என்னுடையது இல்லை, அது தப்பான ஏலமாகவே இருந்தாலும். திருப்பிப் பெற வழியே இல்லாத ஒன்றைச் செய்வதற்கு முன்னால் எவ்வளவு கவனம் வேண்டும்?

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 1973இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் நகரில் ஷர்லி புரூக்ஸ் என்ற பெண் குடும்பத்தோடு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவருடைய சாமான்கள் ஒரு கிடங்குக்குப் போயின. கட்டணத்தில் தகராறு. கட்டாவிட்டால் விற்றுவிடுவோம் என்று கடிதம் வந்தது. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் உடைமையைப் பறிக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தைச் சொல்லி அவர் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விற்பது தனியார், அரசு அல்ல, ஆகவே அரசியலமைப்பின் அந்தப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று தெளிவானது. ஸ்டோரேஜ் ஏலத்தில் எனக்கு என்ன பாதுகாப்பு என்பதைத் தீர்மானிப்பது கிட்டத்தட்ட முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

நீங்களே வேறு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இதே மாநிலத்தில் ஒருவர் வீட்டு வாடகை கட்டவில்லை என்றால், வீட்டுக்காரர் பூட்டை மாற்றி அவரை வெளியே நிறுத்த முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மீறினால் சிவில் சட்டத் தொகுப்பின் 789.3ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 100 டாலர் வரை கொடுக்க வேண்டி வரும். அடகுக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அடகுக் கடன் குறைந்தது நான்கு மாதத்துக்கு இருக்க வேண்டும். அது முடிந்த பிறகும் அறிவிப்பு அனுப்பி, மீட்டுக்கொள்ள இன்னும் பத்து நாள் தர வேண்டும். என் அம்மாவின் வளையலை நானே கொண்டுபோய் அடகு வைத்திருந்தால் நான்கு மாதத்துக்கு மேல் பத்திரமாக இருந்திருக்கும். அதே அம்மாவின் பொம்மைகளைப் பத்திரமாக வைக்கப் பணம் கொடுத்துக் கொண்டுபோய் வைத்தேன், வாடகை தவறிய எழுபத்தோரு நாளில் விற்றுவிட்டார்கள்.

பொம்மைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குக் கொலு என்றால் தெரிந்திருக்காது. புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரிக்கு, வீட்டில் படி கட்டி, அதன் மேல் துணி விரித்து பொம்மைகளை அடுக்குவோம். ஒன்பது நாள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுப்போம். முடிந்ததும் ஒவ்வொரு பொம்மையையும் பழைய துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பெட்டியில் போட்டு அடுத்த வருடம் வரை எடுத்து வைப்போம். ஊரில் அதற்குப் பரண் இருக்கும். இங்கே இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் பரணுக்கு எங்கே போவது? இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஸ்டோரேஜ்தான் பரண்.

என்னிடம் ஒன்பது பெட்டி இருந்தது. பாதி, அம்மா தன் கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஒன்று இரண்டாகச் சேர்த்தது. பண்ருட்டி மண் பொம்மைகள், காகிதக்கூழில் செய்த தசாவதாரம், பல்லக்கு தூக்கும் நான்கு பேர், மளிகைக் கடை வைத்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும். செட்டியாருக்கு மூக்கு நுனி உடைந்து போய், அம்மா மஞ்சளும் கோந்தும் குழைத்து ஒட்டியிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் பாட்டி கொடுத்த மரப்பாச்சி ஜோடி, செஞ்சந்தன மரத்தில் செய்தது. அந்தப் பெண் மரப்பாச்சிக்கு என் முதல் பட்டுப்பாவாடையில் மிஞ்சிய அரக்குத் துணியைத் தைத்துக் கட்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அம்மாவின் கையெழுத்து: "மூணாம் படி, ஜாக்கிரதை, யானை தும்பிக்கை." முதல் பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த பொம்மை எந்த வருடம் எங்கே வாங்கியது, என்ன விலை என்று அம்மா எழுதி வைத்தது. 2019இல் அம்மா போய்விட்டாள். அந்த நோட்டுதான் அவள் கையெழுத்தில் எங்களிடம் இருந்த பெரிய பொருள்.

2024இல் நவராத்திரி அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கியது. நான் கேட்டில் எண்ணை அழுத்தியது அதற்குப் பதினோரு நாள் முன்னால். மகள் காரில் உட்கார்ந்திருந்தாள். எந்த பொம்மை எந்தப் படி என்று இந்த வருடம் தானே அடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த யூனிட்டில் வேறு என்ன இருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழ். எங்கள் விசா ஒப்புதல் தாள்கள், ஏழு வருட வருமான வரிப் படிவங்கள், அவற்றில் எங்கள் சமூகப் பாதுகாப்பு எண்கள். கணவரின் இன்ஜினியரிங் சான்றிதழ்கள். மாமனாரின் இதய சிகிச்சை அறிக்கைகள். இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவருக்கு 480 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அதிர்ஷ்டம், வாங்கியவர் நல்ல மனிதர். காகிதங்கள் இருந்த ஒரு பெட்டியை மட்டும் ஒரு வாரம் கழித்து அதே அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியாது, நிறுவனம் சொல்லாது. அவர் இதைப் படிக்க வாய்ப்பில்லை, ஆனாலும் நன்றி. ஒரு குடும்பத்தின் அடையாள எண்கள் பாதுகாப்பாக இருந்தது அவருடைய நல்ல மனதால். உங்கள் சட்டத்தால் அல்ல.

பொம்மைகள் கிடைக்கவில்லை. சான் ஹோசேயில் பெரியெஸ்ஸா பழம்பொருள் சந்தைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒவ்வொரு மேசையாக நின்று, போனில் படத்தைக் காட்டி, இப்படி ஏதாவது வந்ததா என்று கேட்டேன். ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது, அதே நிறுவனத்திடமிருந்து, அதே முகவரிக்கு. மூன்று மாத வாடகை 642 டாலர், தாமதக் கட்டணம் 96 டாலர் 30 சென்ட், பூட்டு அறுத்தது, விளம்பரம், இதர செலவு 120. ஆக 858 டாலர் 30 சென்ட். ஏலத்தில் வந்த 480 போக, நான் இன்னும் 378 டாலர் 30 சென்ட் கட்ட வேண்டுமாம். வாடகையில் 15 சதவீதம் தாமதக் கட்டணம் என்பது சட்டம் அனுமதித்த அளவுதான், அதில் தப்பில்லை. கட்டிவிட்டேன். ஆனால் என்னை மின்னஞ்சலில் பிடிக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஸ்டோரேஜ் நடத்துபவர்களின் பக்கமும் இருக்கிறது. வாடகையும் வராமல், ஆளும் வராமல், குப்பையாகக் கிடக்கும் யூனிட்டுகள் அவர்களிடம் நிறைய இருக்கும். சின்ன முதலாளிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் போ என்றால் அவர்களால் தாங்க முடியாது. பற்றுரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் எலும்புக்கூடு 1980களின் தொடக்கத்தில் உருவானது. அன்று ஒருவரைத் தேட முகவரியை விட்டால் வழியில்லை. ஏலத்துக்கும் நாலு பேர் நேரில் வர வேண்டியிருந்தது. இன்று ஏலம் இணையத்துக்குப் போய்விட்டது, வாடகை கார்டில் போகிறது, கேட் செயலியில் திறக்கிறது. அறிவிப்பு மட்டும் பழைய முகவரியின் தபால் பெட்டியிலேயே நிற்கிறது. நிறுவனத்துக்கு வசதியானவை எல்லாம் மாறிவிட்டன.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. வேலை போனால் ஹெச்1பியில் இருப்பவருக்கு நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேலை கிடைக்காமல், சாமான்களை ஸ்டோரேஜில் போட்டுவிட்டு விமானம் ஏறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஆல்டடீனா, பாலிசேட்ஸ் பகுதிகள் காட்டுத்தீயில் எரிந்தபோது, மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஸ்டோரேஜுக்கு ஓடியவர்கள் இருப்பார்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் ஸ்டோரேஜ் விலையைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவு சொல்கிறது. விலைக்குக் காவல் உண்டு, பொருளுக்கு இல்லை. நான் அந்த அலுவலகத்துக்கு நடந்த நாட்களில் ஒரு வயதான மெக்சிகோ அம்மாவைப் பார்த்தேன். காரில்தான் தூங்குகிறார். வீட்டுச் சாமான் முழுக்க அங்கே. இருபது இருபது டாலராகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். முழுப் பாக்கியையும் கட்டினால்தான் ஏலம் நிற்கும் என்று மேலாளர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நிரந்தர முகவரி எது? அறிவிப்பை எந்தக் கதவில் போடுவது?

2025இல் செனட்டர் கரோலின் மெஞ்சிவார் கொண்டுவந்த எஸ்பி 709 உங்கள் முன் வந்தது. தள்ளுபடி வாடகை என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் ஏற்றுவதைப் பற்றிய மசோதா. ஸ்டோரேஜ் வாடகைதாரர்களைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் இருந்தது என்பதை அது காட்டுகிறது. அதே சட்டத்தில் அடுத்த சில பிரிவுகளைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஏலம் வந்திருக்கும். நான் தொகுதி அலுவலகத்துக்கு எழுதியதற்கு, சட்டப்படி நடந்திருப்பதாகத் தெரிகிறது, வழக்கறிஞரை அணுகவும் என்று பதில் வந்தது. சட்டப்படி நடந்தது என்பதுதான் என் புகாரே. அந்தப் பதிலுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தொடரிலேயே நீங்கள் செய்ய வேண்டியவை என்று நான் கேட்பவை இவை.

ஏல அறிவிப்பைத் தபாலோடு சேர்த்து, வாடகைதாரர் கொடுத்த எல்லா வழிகளிலும் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்: மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி. விளம்பரம் அனுப்பும் முகவரிக்கு அறிவிப்பு அனுப்பத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று எழுதுங்கள். தபால் சேர்ந்ததற்கோ, மின்னஞ்சல் திறக்கப்பட்டதற்கோ ஏதாவது ஓர் ஆதாரமாவது இல்லாமல் ஏலத் தேதி குறிக்கக் கூடாது. எந்த வழியிலும் ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்த ஒரு வகைக்கு மட்டுமாவது சிறு வழக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

வாடகை பாக்கியான நாளிலிருந்து ஏலம் வரை குறைந்தது 120 நாள் கொடுங்கள். அடகுக் கடைக்கு நீங்கள் வைத்த நான்கு மாதம், அதற்கு மேல் கேட்கவில்லை. ராணுவத்தில் பணியாற்றுபவரின் சாமான்களை, பணிக்காலத்திலும் அது முடிந்து 90 நாள் வரையிலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விற்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. தொலைவில் இருப்பவரால் உடனே வந்து பதில் சொல்ல முடியாது என்பதை ஒத்துக்கொண்ட சட்டம் அது. மருத்துவமனையில் கிடப்பவருக்கும், நாட்டுக்கு வெளியே சிக்கிக்கொண்டவருக்கும், அதை நிரூபித்தால் ஏலத்தை நிறுத்தி வைக்க வழி செய்யுங்கள். எதிர்ப்பு உறுதிமொழிப் படிவத்தை இணையத்தில் வைத்து, இணையத்திலேயே தாக்கல் செய்யவும் விடுங்கள்.

புகைப்படங்கள், அடையாள ஆவணங்கள், மருத்துவ ஆவணங்கள், கையெழுத்துப் பிரதிகள், வழிபாட்டுப் பொருள்கள், இறந்தவர்களின் அஸ்தி ஆகியவை ஏலத்தில் போகக் கூடாது. வாங்கியவர் அவற்றைத் தனியே எடுத்துத் திருப்பித் தர வேண்டும், நிறுவனம் 180 நாள் வைத்திருந்து சொந்தக்காரருக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். கொலு பொம்மை வழிபாட்டுப் பொருளா என்று யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள். குழு விசாரணையில் வந்து சொல்கிறேன்.

பாக்கியில் பாதியைக் கட்டினால் ஏலத்தை 60 நாள் தள்ளிப்போட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த மெக்சிகோ அம்மாவுக்காக இதைக் கேட்கிறேன்.

நடைமுறையை மீறி விற்ற நிறுவனம், பொருளின் சந்தை விலையைத் தாண்டி ஒரு குறிப்பிட்ட தொகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டுக்குச் சந்தை விலை கிடையாது. ஏலத்தில் மிஞ்சும் பணத்தை ஒரு வருடத்துக்குள் சொந்தக்காரர் கேட்காவிட்டால் அது மாவட்டக் கருவூலத்துக்குப் போகிறது. போவதற்கு முன்னால் அவருக்கு மின்னஞ்சலிலும் சொல்ல வேண்டும்.

வணிகம் தொடர்பான மசோதாக்களைப் பார்க்கும் இரு அவைக் குழுக்களின் தலைவர்களும் இதை எடுத்துக்கொள்வார்களா, மாட்டார்களா என்று எழுத்தில் பதில் வேண்டும். என் கோப்பின் நகல், அந்த இரண்டு விளம்பர மின்னஞ்சல்கள், தபால் சான்று, 378 டாலர் கேட்டு வந்த கடிதம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சாக்ரமென்டோவுக்கு எந்த நாள் வரச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பே ஏரியாவில் பதினாறு வருடமாக வசிக்கும் ஒரு வாடகைதாரர்